இப்போது என்பது எப்போது?

கீபோர்டை மேஜையிலிருந்து தூக்கி, கிட்டார் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இடது கை விரல்கள் எஃப்1 முதல் எஃப்5 வரையிலான விசைகளில். வலது கைக் கட்டைவிரல் என்டர் விசையில். திரையில் கிட்டாரின் கழுத்து ஒரு நெடுஞ்சாலைபோல நம்மை நோக்கி நீண்டு வரும். அதன் மேல் வண்ணப் பொத்தான்கள் வந்துகொண்டிருக்கும். பொத்தான் கோட்டைத் தொடும்போது உரிய விசையைப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்டினால், பாட்டில் கிட்டார் ஒலிக்கும். தவறவிட்டால் கிட்டார் மட்டும் வாயடைத்துப்போகும். மற்ற வாத்தியங்கள் நம்மைச் சட்டைசெய்யாமல் வாசித்துக்கொண்டே போகும்.

இந்த விளையாட்டின் பெயர் ஃப்ரெட்ஸ் ஆன் ஃபயர். 2006-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்த அசெம்ப்ளி விழாவின் விளையாட்டு உருவாக்கும் போட்டியில் முதலிடம் பெற்றது. எழுதியவர்கள் அன்ரியல் வூடூ என்ற சிறு குழுவினர். பைத்தான் மொழியில் எழுதி, மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அசெம்ப்ளி என்பது 1992 முதல் நடந்துவரும் ஒரு விசித்திரமான திருவிழா. கணினியில் படமும் இசையும் ஒன்றாக ஓடும் சின்னஞ்சிறு நிரல்களை எழுதிவந்து, பெரிய அரங்கில் போட்டுக் காட்டிக் கைத்தட்டு வாங்குவதற்காகவே ஆட்கள் கூடுவார்கள். காசுக்காக அல்ல. இந்தக் கலையை ஃபின்லாந்து 2020-ல் தன் நாட்டின் வாழும் மரபுகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

தாள விளையாட்டுகள் பிறந்தது ஜப்பானில். 1996-ல் பராப்பா த ராப்பர், 1997-ல் பீட்மேனியா, 1998-ல் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன். அவை கம்பெனிச் சரக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. பொழுதுபோக்காக நிரல் எழுதுபவர்கள் அவற்றைப் பார்த்துத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். காலால் ஆடும் விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவந்த ஸ்டெப்மேனியா 2001-ல் தொடங்கியது. நின்டெண்டோ டிஎஸ் கருவியில் வந்த ஒரு ஜப்பானிய ஆட்டத்தால் தூண்டப்பட்டு, டீன் ஹெர்பர்ட் என்ற ஆஸ்திரேலியர் 2007 செப்டம்பரில் ஓசு! என்ற விளையாட்டை வெளியிட்டார். பிற்பாடு அதை அடியிலிருந்து திரும்ப எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரும் படிக்கும்படி வைத்தார். ஃப்ரெட்ஸ் ஆன் ஃபயர், ஸ்டெப்மேனியா, ஓசு! ஆகிய மூன்றின் நிரல்களையும் இன்று எவரும் திறந்து பார்க்கலாம். திறந்து பார்த்தால், விளையாட்டைவிட சுவாரசியமான ஒரு சிக்கல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ‘இப்போது’ என்றால் எப்போது என்பதுதான் அது.

முதன்முறை இப்படி ஒன்றை எழுத உட்காருபவர் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். ஒரு வட்டம் மேலிருந்து கீழே இறங்கவேண்டும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் வட்டத்தை ஐந்து புள்ளி கீழே தள்ளு என்று எழுதிவிடுவோம். பாட்டை ஓடவிட்டால் ஆரம்பத்தில் எல்லாம் கச்சிதம். பல்லவி முடியும்போது ஏதோ உறுத்தும். பாட்டு முடியும் தறுவாயில் வட்டம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

காரணம், 60 என்று போட்டு விற்கப்படும் பல திரைகள் உண்மையில் நொடிக்கு 59.94 முறைதான் புதுப்பித்துக்கொள்கின்றன. இது 1953-ல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது ஒட்டிக்கொண்ட எண். வண்ணத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க, 60 என்ற வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தப் பெட்டிகள் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. எண் மட்டும் போகவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் 180 மில்லி நொடி. ஒரு மில்லி நொடி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 180 என்பது ஏதோ தூசு என்று தோன்றலாம். வேகமான பாட்டில் அந்த நேரத்துக்குள் அடுத்த அடி வந்து, போயும் விடும்.

சரி, கணினியின் கடிகாரத்தைப் பார்த்து நகர்த்தினால்? அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. கணினிக்கு ஒரு படிகக் கடிகாரம். பாட்டை ஒலிக்கச் செய்யும் ஒலி அட்டைக்குத் தனியாக இன்னொன்று இருக்கலாம். இரண்டும் தரமானவைதான். ஆனாலும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்பது படிகங்களிடையே சகஜம். நான்கு நிமிடப் பாட்டில் அது 12 மில்லி நொடியாக வளர்ந்துவிடும்.

அனுபவம் உள்ளவர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். எதையும் நகர்த்தாதே. ஒவ்வொரு முறை படம் வரையும்போதும் பாட்டிடம் ஒரே கேள்வி கேள்: நீ இப்போது எங்கே இருக்கிறாய்? வட்டம் தட்டப்படவேண்டிய நேரத்திலிருந்து பாட்டு சொல்லும் நேரத்தைக் கழி. விடையை வேகத்தால் பெருக்கு. கோட்டிலிருந்து அத்தனை தூரத்தில் வட்டத்தை வரை. அவ்வளவுதான். வட்டத்துக்குப் போன முறை எங்கே இருந்தோம் என்ற நினைவே கிடையாது. அது இறங்குவதாகத் தெரிவது நம் கண்ணுக்குத்தான். நிரலுக்குள் எதுவும் இறங்குவதில்லை. நடுவில் கணினி கொஞ்சம் திணறிப் பத்துப் படங்களை வரையாமல் விட்டாலும், பதினோராவது படம் சரியான இடத்தில் வந்து நிற்கும். பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் வட்டங்கள் மேலே ஏறும். அதற்கென்று தனியாக ஒரு வரிகூட எழுதவேண்டாம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அடுத்த அடி காத்திருக்கிறது. பாட்டிடம் நேரம் கேட்டால் அது உள்ளதைச் சொல்வதில்லை.

ஒலி அட்டையை மாடித் தண்ணீர்த் தொட்டிபோல நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் சீராக வருகிறது; ஆனால் தொட்டியை நிரப்பும் மோட்டார் விட்டு விட்டு ஓடுகிறது. பாட்டும் அப்படித்தான். நொடிக்கு 44,100 துளிகளாக ஒலி வெளியே போகிறது. உள்ளே அது 1,024 துளிகள் கொண்ட குடம் குடமாக ஊற்றப்படுகிறது. ஒரு குடம் 23 மில்லி நொடிக்குத் தாங்கும். எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டால், பல ஒலி அமைப்புகள் எத்தனை குடம் ஊற்றினேன் என்ற கணக்கைத்தான் சொல்லும். திரையோ 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை கேட்கிறது. கிடைக்கும் பதில்கள் வரிசையாக 0, 0, 23, 46, 46, 70. இதை அப்படியே நம்பி வரைந்தால் வட்டம் நிற்கும், குதிக்கும், இன்னொரு தரம் குதிக்கும், நிற்கும். குண்டும் குழியுமான சாலையில் போகும் டவுன் பஸ் கெட்டது.

ஓசு!வின் அடித்தளமாக ஹெர்பர்ட் குழுவினர் எழுதிய வரைகலை நிரல்தொகுப்பில் இதற்கென்றே ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டு பதில்களுக்கு நடுவில் அது தன் சொந்தக் கணக்கில் ஓடும். பாட்டின் அடுத்த பதில் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் சிறிதென்றால், விளையாடுபவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் போகும். பெரிதென்றால் வெட்கப்படாமல் ஒரே தாவாகத் தாவி பாட்டோடு சேர்ந்துகொள்ளும். பக்கவாத்தியக்காரர் செய்வதும் இதுதான். பாடகர் இழைத்தால் இழைத்துக்கொண்டே வருவார். பாடகர் ஓர் ஆவர்த்தனத்தையே விழுங்கிவிட்டால் சட்டென்று தாவிப் பிடிப்பார்.

இனி மனிதரைச் சேர்ப்போம். இங்கேதான் ‘இப்போது’ துண்டு துண்டாக உடைகிறது.

காதுக்கு ஒரு இப்போது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மில்லி நொடிக்கு ஏறக்குறைய முக்கால் முழம், 34 சென்டிமீட்டர். ஸ்பீக்கர் மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தால் அதிலேயே 10 மில்லி நொடி போச்சு. ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டவரின் நிலைமை பரிதாபம். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்து, காதில் போடுவதற்குள் 100 முதல் 200 மில்லி நொடி ஆகிவிடும். அதை தூரமாக மாற்றிப் பாருங்கள். காதுக்குள்ளேயே செருகிய கருவி, ஐம்பது மீட்டர் தள்ளிக் கட்டிய ஒலிபெருக்கிபோல வேலை செய்கிறது. சினிமா பார்க்கும்போது இது தெரிவதில்லை. படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளித்துவிடுகிறார்கள். விளையாட்டில் விரல் இருக்கிறது. விரலைத் தாமதப்படுத்த முடியாது.

கண்ணுக்கு ஒரு இப்போது. திரை ஒரே கணத்தில் மாறுவதாக நினைக்கிறோம். அது மேல்வரியிலிருந்து கீழ்வரிவரை ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டு வருகிறது. 60 முறை புதுப்பிக்கும் திரையில் கடைசி வரி வரும்போது கிட்டத்தட்ட 16 மில்லி நொடி கடந்துவிடும். ஸ்டெப்மேனியாவில் அம்புகள் மேலேறித் திரையின் உச்சியில் தட்டப்படுகின்றன. கிட்டார் ஆட்டங்களில் பொத்தான்கள் கீழே வந்து தட்டப்படுகின்றன. ஒரே படம், ஒரே திரை. ஆனால் உச்சியில் தெரிவது கொஞ்சம் புதியது, அடியில் தெரிவது கொஞ்சம் தாமதம்.

விரலுக்கு ஒரு இப்போது. சாதாரண யுஎஸ்பி கீபோர்டுகள் பலவற்றிடம் கணினி 8 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் ‘ஏதாவது அழுத்தினார்களா’ என்று விசாரிக்கிறது. அதற்கு முன்பாகவே, விசைக்குள் இருக்கும் உலோகத் தகடு ஒருமுறை தொட்டு அடங்குவதில்லை. தரையில் விழுந்த காசு மாதிரி சில மில்லி நொடி துள்ளும். ஒரு தட்டை நாலு தட்டாக எண்ணிவிடக் கூடாது என்று கீபோர்டு அந்தத் துள்ளல் அடங்கும்வரை காத்திருப்பதும் உண்டு. மலிவான கீபோர்டில் இன்னொரு கூத்து: விசைகளுக்கெல்லாம் தனித்தனிக் கம்பி கிடையாது, கட்டம் போட்ட வலைபோலக் கம்பிகள். சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. கீபோர்டை கிட்டாராக அணைத்துக்கொண்டவர்கள் இதைக் கையால் கண்டறிந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலாக மூளை. ஒரு விளக்கு எரிந்ததும் விசையைத் தட்டச் சொன்னால் நமக்குக் கிட்டத்தட்ட கால் நொடி பிடிக்கும். நிமிடத்துக்கு 180 தட்டு ஓடும் பாட்டில், தட்டுக்கு நான்கு அடி வந்தால், இரண்டு அடிக்கு இடைவெளி 83 மில்லி நொடி. அப்படியென்றால் பார்த்துத் தட்டுவது நடக்காத காரியம். தேர்ந்தவர்கள் தட்டுவது கண்ணில் பட்டதை அல்ல, இனி வரப்போவதை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாளக் கருவியின் டிக் டிக்குக்கு ஒத்து விரலைத் தட்டச் சொன்னால், பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு டிக்குக்கும் சற்று முன்பாகவே தட்டுகிறார்கள். சில பத்து மில்லி நொடி முந்தல். சரியாகத் தட்டியதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் முந்தல் குறைகிறது.

தாள விளையாட்டுகளில் முதலில் வரும் ‘அளவு சரிசெய்’ என்ற பக்கத்தை நாம் அலட்சியமாகத் தாண்டிப் போகிறோம். நியாயமாக அங்கே கொஞ்சம் நின்று வியக்கவேண்டும். டிக் ஓசைக்கு ஒத்து இருபது முறை தட்டுகிறோம். விளையாட்டு சராசரி எடுத்து ஒரே ஒரு எண்ணைத் தருகிறது. ஸ்பீக்கர், காற்று, தகட்டின் துள்ளல், எட்டு மில்லி நொடி விசாரணை, நரம்பு, மூளையின் அவசரம் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம். எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பாட்டுக் கோப்பிலேயே ஒளிந்திருக்கும் ஒரு தாமதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. எம்பி3 ஒலியை அப்படியே சேமிப்பதில்லை. பிசைந்து, பிரித்து, காதுக்குத் தெரியாததைக் கழித்துச் சேமிக்கிறது. இந்த வேலையில், பரவலாகப் பயன்படும் லேம் என்ற நிரல் பாட்டின் முன்னால் 576 துளி மௌனத்தைச் சேர்க்கிறது. பிரித்து ஒலிக்கச் செய்யும்போது இன்னொரு 529. மொத்தம் 1,105 துளிகள், அதாவது 25 மில்லி நொடி. சில ஒலிப்பான்கள் இந்த மௌனத்தை வெட்டிவிட்டுத் தொடங்கும், சில வெட்டாது. ஒரே பாட்டு, ஒரே கோப்பு. ஓர் ஒலிப்பானில் சரியாக விழும் தாளம் இன்னொன்றில் தள்ளி விழும்.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் ‘முதல் தட்டு எங்கே’ என்று ஓர் எண்ணை யாராவது காதால் கேட்டு எழுதவேண்டும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. எடுப்பு என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சமம். பாட்டு முந்தினால் அதீதம். தாளம் விழுந்த பிறகு பாட்டு வந்தால் அநாகதம். விளையாட்டு நிரல்களில் அந்த எண் பூஜ்யமாக இருப்பது அபூர்வம். கணினியைப் பொறுத்தவரை உலகத்துப் பாட்டெல்லாம் அநாகத எடுப்புத்தான், ஏதோ கொஞ்சம் மௌனம் முன்னால் இருக்கும்.

அடுத்து வேகம். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 174 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 344.83 மில்லி நொடி. யாரோ சோம்பேறித்தனமாக 345 என்று முழு எண்ணாக்கிச் சேமித்தால்? தட்டுக்கு ஆறில் ஒரு மில்லி நொடிதான் பிசகு. ஆனால் மூன்று நிமிடத்துக்குள் ஐந்நூறு தட்டு போய்விடும். பிசகு 86 மில்லி நொடி ஆகியிருக்கும். இது எவ்வளவு என்று புரிய, விளையாட்டு எதைச் சரி என்று ஏற்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஸ்டெப்மேனியாவின் வழக்கமான அமைப்பில் 22.5 மில்லி நொடிக்குள் தட்டினால் ஆகச்சிறந்த மதிப்பெண், 45-க்குள் அடுத்தது, 90-க்குள் அதற்கடுத்தது, 180-ஐத் தாண்டினால் தவறவிட்டதாகவே கணக்கு. ஓசு!வில் பாட்டின் கடினத்தைப் பொறுத்து, ஆகச்சிறந்த மதிப்பெண்ணுக்கான வாசல் சுருங்கும்: மிக எளிய நிலையில் முன்பின் 80 மில்லி நொடி, நடுத்தரத்தில் 50, கடைசிப் படியான பத்தில் 20. சோம்பேறித்தனமாக முழு எண்ணாக்கியவரின் பாட்டில், அப்பழுக்கில்லாமல் தட்டுபவர்கூட ஓசு!வின் எளிய வாசலில் இடித்துக்கொள்வார். இந்த விளையாட்டின் ரசிகர்கள் பேச்சுக்குப் பேச்சு இழுக்கும் ‘அன்ஸ்டேபிள் ரேட்’ என்பது புள்ளியியல் பாடத்தில் வரும் திட்ட விலக்கம்தான், பத்தால் பெருக்கியது. அதைப் பள்ளிக்கூடத்தில் வெறுத்த பையன்கள் இங்கே 90 எடுத்தேன், 80 எடுத்தேன் என்று மார்தட்டுகிறார்கள்.

படம் வரையும் பக்கத்தை இதுவரை தொடவில்லை. அங்கும் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஓசு!வில் வட்டத்தைத் தட்டினால் மட்டும் போதாத கட்டங்கள் வரும். வளைந்து நெளியும் ஒரு பாதையில் உருளும் பந்தை விடாமல் தொடரவேண்டும். அந்த வளைவுகளில் பல பெசியே வளைவுகள். கார்களின் உடல் வளைவை வரைய பிரான்சில் பிறந்த கணக்கு இது. சிட்ரோயன் கம்பெனியில் பால் த காஸ்டில்ஜோ 1959-ல் ஒரு முறையைக் கண்டார். கம்பெனி அதை வெளியே விடவில்லை. ரெனோ கம்பெனியில் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து, வெளியே சொன்னார். பெயர் அவருக்குப் போனது. கணினி அச்சில் நீங்கள் படிக்கும் ‘இ’யின் சுழியும் ‘ஞ’வின் வயிறும் இந்த வளைவுகளால்தான் ஆனவை.

சில புள்ளிகளை வைத்து, அவற்றை இணைக்கும் கோடுகளில் ஒரே விகிதத்தில் நகர்ந்து, கிடைக்கும் புள்ளிகளை இணைத்து, கடைசியில் ஒரே புள்ளி மிஞ்சும்வரை இதையே செய்தால் வளைவின் ஓரிடம் கிடைக்கும். அழகான முறை. ஆனால் ஒரு குறை: விகிதத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போனாலும் பந்து சீராக உருளாது. புள்ளிகள் தள்ளி இருக்கும் இடத்தில் பாயும், நெருங்கும் இடத்தில் ஊரும். தாள விளையாட்டில் இது அபச்சாரம். ஓசு!வில் பாதையின் நீளமே நேரம். இத்தனை நீளம் என்றால் இத்தனை தட்டு. பந்து வழியில் அவசரப்படக் கூடாது. வளைவில் ஒரு குறிப்பிட்ட நீளத்தைக் கடந்த இடம் எது என்று நேரடியாகச் சொல்லும் எளிய சூத்திரம் பொதுவாகக் கிடையாது. எனவே நிரல் குறுக்கு வழியில் போகிறது. வளைவைப் பொடிப்பொடி நேர்கோடுகளாக நறுக்கி, தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டுவரை எவ்வளவு நீளம் என்று மைல்கல் நடுவதுபோல எழுதி வைத்துக்கொள்கிறது. பாட்டு நேரத்தைச் சொன்னதும், அகராதியில் சொல் தேடுவதுபோல நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, உரிய மைல்கல்லைப் பிடித்துவிடுகிறது. வளைவு என்று நாம் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டையான நேர்கோடுகளின் ஊர்வலம்.

வட்டங்களின் விளிம்பு பிசிறில்லாமல் வழவழப்பாகத் தெரிய இன்னொரு தந்திரம் பரவலாக இருக்கிறது. வட்டத்தை யாரும் ‘வரைவதில்லை’. திரையின் ஒவ்வொரு புள்ளியும், விளிம்பிலிருந்து நான் எவ்வளவு தூரம் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறது. உள்ளே என்றால் நிறம். வெளியே என்றால் இல்லை. விளிம்பை ஒட்டி இருந்தால் பாதி நிறம். 1920-க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். அத்தனையும் நொடிக்கு 60 முறை இந்தக் கேள்வியைக் கேட்கின்றன. வரைகலைச் சில்லு இந்த மாதிரி வேலைக்காகவே பிறந்தது. பக்கத்துப் புள்ளி என்ன சொன்னது என்று எந்தப் புள்ளிக்கும் கவலையில்லை. போன முறை எங்கே இருந்தோம் என்று வட்டத்துக்குத் தெரியாதது மாதிரியேதான்.

நிரலைத் திறந்துவிட்டால் யாரும் எடுத்துப் போகலாம் என்பது வெறும் பேச்சல்ல. 2004-ல் ராக்ஸர் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டெப்மேனியாவின் நிரலை அடித்தளமாகக் கொண்டு இன் த குரூவ் என்ற காலாட்ட விளையாட்டையே விளையாட்டுக் கூடங்களில் இறக்கியது. நிரலின் உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. ஜப்பானின் கோனாமி 2005-ல் வழக்குப் போட்டது. 2006-ல் சமரசத்தில் அந்த விளையாட்டின் உரிமை கோனாமிக்கே போனது. ஸ்டெப்மேனியா மட்டும் தன் போக்கில் இருந்தது. இந்த ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தீராத தலைவலி பாட்டுத்தான். நிரலை இனாமாகத் தரலாம். அடுத்தவர் பாட்டைத் தர முடியாது.

ஸ்டெப்மேனியாவின் மூலநிரலில் எனக்குத் தனிப்பட்ட ஆவலுள்ள ஓர் எண் இருக்கிறது: 48. ஒரு தட்டை அந்த நிரல் 48 சம பங்காகப் பிரித்து வைத்திருக்கிறது; எந்த அம்பும் அந்த 48 இடங்களில் ஒன்றில்தான் உட்காரமுடியும். 48 நல்ல எண். இரண்டால், நான்கால், பதினாறால் வகுபடும். மூன்றாலும் வகுபடும். தட்டை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடை, மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை இரண்டுக்கும் மீதமில்லாமல் இடமிருக்கிறது. நடன அரங்கு இசைக்கு அதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. கண்ட நடைக்கு 48-ஐ ஐந்தால் வகுக்கவேண்டும், 9.6. மிஸ்ரத்துக்கு ஏழால், 6.857. சங்கீர்ணத்துக்கு ஒன்பதால், அதுவும் முழுதாக வராது. ஆக, ஒரு தனி ஆவர்த்தனத்தை எடுத்து இந்த விளையாட்டுக்கு அம்பு போட உட்கார்ந்தால், கண்டத்தில் ‘தகதகிட’ என்ற ஐந்தில் முதல் எழுத்து மட்டும்தான் தன் இடத்தில் உட்காரும். மற்ற நான்கும் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளப்படும்.

ஐந்து நடைகளுக்கும் ஒத்துவர, 48-க்குப் பதிலாக எந்த எண் வேண்டும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். 48-ஐயும் 5, 7, 9 மூன்றையும் மீதமின்றி ஏற்கும் மிகச்சிறிய எண் 5,040. ஒன்று முதல் ஏழு வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவதும் அதுவே. அது ஏன் அப்படி விழுந்தது என்று ஒரு சாயங்காலம் யோசித்துக்கொண்டிருந்தேன். நிரல் திறந்து கிடப்பதால், அந்த வரியில் எண்ணை மாற்றி, வேறு எங்கெல்லாம் 48-ஐ நம்பியிருக்கிறார்கள் என்று துருவி, செய்துவிடலாம்.

செய்வதற்கு முன், தள்ளப்படும் தூரம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது நல்லது. கண்டத்தில் அதிகபட்சப் பிசகு ஒரு பங்கில் 0.4. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு 500 மில்லி நொடி. 48-ல் ஒரு பங்கு 10.4, அதில் 0.4 என்றால் 4.2 மில்லி நொடி. அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கச்சேரி மேடையில் பாடகரின் குரல் மிருதங்கக்காரரின் காதுக்குப் போய்ச் சேரக் கடக்கவேண்டிய தூரமும் ஏறக்குறைய அதுதான்.